மாப்பிள்ளையின் காலளவு

காலை ஐந்தே முக்கால். பிராட்வே பஸ் நிலையத்தில் தை மாதத்துப் பனி இன்னும் கூரைத் தகரத்தை விட்டு இறங்கவில்லை. காஞ்சிபுரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. சீட்டு இரண்டு ரூபாய் இருபது காசு. மடியில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் கறுப்பு நிற இங்கிலீஷ் ஷூ ஒரு ஜோடி, பத்தாம் நம்பர். சட்டைப் பையில் ஒரு கடித உறை. அதற்குள் இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்ட அரக்குச் சிவப்புப் பட்டு நூல் ஒன்று.

கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார். "துணியா சார்?"

"ஷூ."

"எல்லாரும் காஞ்சிவரத்துலேர்ந்துதான் பொட்டி எடுத்துக்கினு வருவாங்க. இங்கேர்ந்து பொட்டி தூக்கிக்கினு போற மொத ஆளு நீதான்."

எனக்கு ஊர் சுற்றுவதற்குக் காரணம் தேவைப்பட்டதில்லை. நாற்பத்தெட்டு வயதாகியும் ஒரு வாரம் சேர்ந்தாற்போல வீட்டில் இருந்தால் உள்ளங்கால் அரிக்கும். ஆனால் இந்த முறை காரணம் இருந்தது. பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் கன்னியப்பன் எழுதிய கடிதம் அது. ஐந்து வருஷங்களுக்கு முன் வைகாசித் திருவிழாவுக்குப் போனபோது, தங்க இடமில்லாமல் நின்ற என்னை வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பாய் விரித்தவர். அன்று சாப்பிடும்போது, நான் இளம் வயதில் பதினோரு வருஷம் மவுண்ட் ரோட்டில் ஓர் இங்கிலீஷ் ஷூ கடையில் வேலை பார்த்ததைச் சொல்லியிருக்கிறேன். அதை அவர் மறக்கவில்லை.

கடிதம் இவ்வளவுதான்: மகள் வசந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை சீமையில் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்து கோயமுத்தூரில் மில் ஒன்றில் வேலை பார்க்கிறார். மாப்பிள்ளை அழைப்புக்குப் பெண் வீட்டார் சூட்டும் பூட்ஸும் கொடுக்க வேண்டும். சூட்டைப் பற்றிக் கவலை இல்லை, துணி எங்களுக்குத் தெரியும். பூட்ஸ் தெரியாது. இந்த ஊரில் செவிலிமேட்டில் ரிடையரான ஃபாரஸ்ட் ஆபீசர் ஒருவரிடம் சீமை பூட்ஸ் புதுசாகவே ஒரு ஜோடி இருக்கிறதாம். அங்கிருந்தும் ஒரு ஜோடி கொண்டுவந்தால் இரண்டையும் வைத்துப் பார்த்து எது உசத்தி என்று நீங்கள் சொல்ல வேண்டும். கால் அளவு நூலில் இருக்கிறது.

பழைய சிநேகிதர்கள் இருவர் இன்னும் அந்தக் கடையில் இருக்கிறார்கள். நூலை அளவுப் பலகையில் நீட்டிப் பிடித்தோம். பத்து. "ஆள் ஆறடியா?" என்று கேட்டுக்கொண்டே, இறக்குமதிச் சரக்கில் எஞ்சியிருந்த ஒரே பத்தாம் நம்பரை எடுத்துக் கொடுத்தார்கள். நூற்றுப் பத்து ரூபாய். பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று பேச்சு.

பூந்தமல்லி தாண்டியதும் வெயில் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. டீ பதினைந்து காசு. சுங்குவார்சத்திரத்துக்குப் பிறகு ஏரிகள். ஒவ்வொரு ஏரியும் வானத்தை ஒரு முறை விரித்துக் காட்டிவிட்டு மடித்து வைத்துக்கொண்டது, கடைக்காரன் சேலை காட்டுகிற மாதிரி. நாற்பத்தைந்து மைலுக்கு இரண்டரை மணி நேரம்.

காலை எட்டேகால். காஞ்சிபுரத்தில் இறங்கினால் முதலில் காதுதான் ஊருக்குள் போகும். சந்துக்குச் சந்து தறியில் நாடா ஓடும் ஓசை. கோபுரம் எல்லாம் அதற்கு அப்புறம். பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தேன். தெருவின் நடுவே பாவு நீட்டிக் கட்டியிருந்தார்கள். மஞ்சள் நூல் அறுபது அடிக்கு ஓடியது. சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி, அதை ஒட்டினாற்போல் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவரும் மணி அடிக்கவில்லை.

கன்னியப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். பெட்டியைக் கையில் வாங்கியவர் உள்ளே கொண்டுபோகவில்லை. தறி இருக்கும் வீட்டுக்குள் தோல் வராது என்பது அவர்கள் வழக்கம். நடையில் ஆணி ஒன்றில் கயிறு கட்டிப் பெட்டியைத் தொங்கவிட்டார். அவர் மனைவி சரோஜா, "வாங்கண்ணா, காத்தால கெளம்பிக்கினு வந்தீங்களா, மூஞ்செல்லாம் வாடிப் போச்சு" என்றார். வசந்தா காபி கொண்டுவந்தாள். ஐந்து வருஷங்களுக்கு முன் பாவாடையில் பார்த்தவள். இப்போது கூட்டுறவுச் சங்கத்தில் சேலைகளுக்கு லேபிள் எழுதும் வேலை. கல்யாணத்துக்காக லீவில் இருக்கிறாள். விரல் நுனியில் நீல மை இன்னும் போகவில்லை.

சுவரில் நிச்சயதார்த்தப் படம். மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஒல்லி. பக்கத்தில் நின்ற கன்னியப்பனை விட இரண்டு விரல் உயரம், அவ்வளவுதான். பதினோரு வருஷம் மனிதர்களைக் காலிலிருந்து மேல்நோக்கிப் படித்தவன் நான். இந்த உடம்புக்கு அந்தக் கால் இருக்காதே என்று ஒரு சின்ன உறுத்தல். கேட்கவில்லை. காபி நன்றாக இருந்தது.

"இதுல ஒரு சங்கதி இருக்குது சார்" என்றார் கன்னியப்பன், தாழ்ந்த குரலில். "நிச்சயத்தன்னிக்கு மாப்பிள்ளையோட மாமா ஒருத்தர், லண்டன் நடந்த காலுப்பா, டயர் செருப்பு கட்டிவுட்டுடாதீங்கன்னாரு. சபையே சிரிச்சுது. மாப்பிள்ளை சிரிக்கல. அது வேற. ஆனா எங்க வழக்கத்துல பூட்ஸைத் தட்டுல வச்சிக் குடுத்துட்டு வந்துட முடியாது. பொண்ணோட தாய்மாமன் எல்லாரும் பாக்க மாப்பிள்ளை காலுல மாட்டணும். அது ஏறலன்னா, இல்ல தொளதொளன்னு கழண்டுக்கிச்சுன்னா, டயர் செருப்புன்னு சொன்ன அந்த ஆளு அங்கதான் நிப்பாரு."

கல்யாணத்துக்கு இன்னும் நான்கு நாள்.

காலை பத்தரை. செவிலிமேட்டுக்குக் குதிரை வண்டி, ஒன்றேகால் ரூபாய். இரண்டு மைல் இருக்கும். பெரிய காஞ்சிபுரத்தை விட்டு வெளியேறியதும் நாடா ஓசை நின்றுவிட்டது. பாலாற்றுப் பக்கம் மணல் வெளிச்சம். புது வீடுகள், சுண்ணாம்பு வாசனை காயாதவை. ஆபீசர் தணிகாசலம் வீட்டு முன்னறையில் சாமான்கள் கட்டிக் கிடந்தன. மறுநாள் காலை பெங்களூருக்கு மகன் வீட்டுக்கே போய்விடுகிறாராம். காலில் வீக்கம். அகலமான ரப்பர் செருப்பில் தேய்த்துத் தேய்த்து நடந்தார்.

அவர் எடுத்து வைத்த ஜோடியைப் பார்த்தேன். சொல்வதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் நான் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். பழைய கடைப் பழக்கம். கறுப்பு. பூவேலை கிடையாது, துளை கிடையாது. மூக்கில் மட்டும் குறுக்கே ஒரு தையல். இங்கிலாந்தில் ஷூவுக்குப் பேர்போன நார்த்தாம்டனில் செய்தது. முப்பது வருஷத்துக்கு மேலாகியிருந்தும், உள்ளே கால் வடிவ மரக்கட்டை வைத்து வருஷம் தவறாமல் மெழுகு பூசி வந்ததால், தோல் இரவு பெய்த மழைக்குப் பிறகு எருமையின் முதுகு மாதிரி இருந்தது. அடித்தோலை வளைத்தேன். வெடிப்பு இல்லை. விரலால் தட்டினேன். கதவு தட்டுகிற ஓசை வந்தது, அட்டை தட்டுகிற ஓசை அல்ல.

"ஏன் சார் போடவே இல்லை?" என்று கேட்டேன்.

"லண்டன்ல ரெண்டு ஜோடி வாங்கினேன். ப்ரௌன் காட்டுல உழைச்சுத் தேஞ்சுது. இதை நல்ல நாளுக்குன்னு வச்சேன். நம்ம ஊர்ல நல்ல நாள் எங்கய்யா வருது? கோயில்ல வருது. இல்ல கல்யாண வீட்டுல, பாய்ல. ஒவ்வொரு வாசல்லயும் குனிஞ்சு லேஸ் அவுத்து, மறுபடி குனிஞ்சு கட்டி. என் சம்சாரம் சொல்லுவா, நீங்க பூட்ஸ் மாட்டறதுக்குள்ள சாமி ஊர்வலம் போயி திரும்பிடும்னு." சிரித்தார். "எழுபத்தஞ்சு ரூபா குடுங்க. போடற கால் கிடைச்சா போதும்."

நான் கொண்டுபோன ஜோடியைப் பக்கத்தில் வைத்தேன். அதுவும் இங்கிலாந்துதான், அதுவும் கறுப்புதான். பார்வைக்கு அதுதான் கூடுதலாகப் பளபளத்தது. நான் வாய் திறப்பதற்கு முன் கன்னியப்பன் இரண்டையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தார். மேலே பார்க்கவே இல்லை. வாயை அகட்டி உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

"இன்னாய்யா, பல்லு பாக்கறியா?" என்றார் ஆபீசர்.

"சேலைன்னா பின்பக்கம் திருப்பிப் பாத்துட்டுத்தான் சார் பேச்சே. முன்பக்கம் யார் வேணா ஜோடிப்பான்." மவுண்ட் ரோடு ஜோடியைக் கீழே வைத்தார். "இதுல உள்ள மேடு தட்டுது. எதையோ ஒட்டி மூடியிருக்காங்க. இதுல," என்று மற்றதற்குள் கை விட்டபடியே, "தையல் எங்க முடிஞ்சுதுன்னே தெரியல. நெசவுதான் இது."

நான் சொல்ல வேண்டிய தீர்ப்பு அதுதான். கடையில் இருந்த நாளில் இதை விளக்க எனக்குக் கால் மணி நேரம் ஆகும்.

"ஆபீசர் சாரோடதே எடுத்துக்கறேன்" என்றார் கன்னியப்பன்.

நான் உள்பக்கம் பொறித்திருந்த எண்ணைப் படித்தேன். எட்டு. பட்டு நூலை எடுத்து உள்ளே நீட்டினேன். ஒரு முடிச்சு குதியில் நிற்க, மறுமுடிச்சு உள்ளே போக இடமில்லாமல் வெளியே தலை நீட்டிக்கொண்டு நின்றது. மவுண்ட் ரோடு பத்தாம் நம்பரில் அதே நூல் அழகாகப் படுத்தது.

கன்னியப்பனின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கையில் இருந்ததை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, வைத்த இடத்தை ஒரு முறை தடவிக்கொடுத்தார். "சரி. நமக்குக் குடுத்து வச்சது மேடு தட்டறதுதான்."

அப்போதுதான் கேட்டேன். "இந்த நூலை எப்படி அளந்தீங்க? மாப்பிள்ளை காலை நீட்டினாரா?"

"ஐயய்யோ, அதெப்படி சார்? முகூர்த்தத்துல தாம்பாளத்துல வச்சிக் கழுவப்போற காலு. அதுக்கு முன்னாடி போயி நான் நூல் பிடிப்பனா? ஆள் வுட்டுக் கேக்கலாம். கேட்டா அதுக்கும் அந்த மாமா ஒண்ணு சொல்லுவாரு." தயங்கினார். "நிச்சயத்தன்னிக்கு ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனோம். எல்லாரும் உள்ள போனதும் நான் ஒண்ணுக்குப் போறாப்போல வெளிய வந்து, அவரு வுட்டுப்போன செருப்பை அளந்துக்கினேன். செருப்பு பாத்துக்கற அம்மா என்னைத் திருடன்னு நெனச்சிக்கிச்சு. யோவ், செருப்புக்கு இன்னாத்துக்கு மொழம் போடறன்னு ஒரே சத்தம்."

ஆபீசர் சிரித்துச் சிரித்து இருமினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பு காலை விட நீளம். அதில் ஒரு நம்பர் போயிற்று. இன்னொரு நம்பர் எங்கே?

"செருப்பு முனைக்கு முனை அளந்தீங்களா? அதே அளவுலதான் முடிச்சா?"

"முனைக்கு முனைதான். அப்புறம் அரை விரக்கடை கூட வுட்டேன்."

"ஏன்?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார், தண்ணீர் ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டவனைப் பார்ப்பது போல. "பாவு போட்டா அப்பிடித்தானே சார். நெய்ய நெய்ய நீளம் கொறையும். அதுக்குன்னு கூட வுடாத நெசவாளி உண்டா?"

தோல் நூல் அல்ல, அது குறையாது என்று சொன்னேன். அவர் மெல்லத் தலையாட்டினார். பிறகு, "அப்ப எட்டா இருக்குமா?" என்றார்.

இருக்கலாம். ஏழாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். செருப்பு எவ்வளவு தாராளம், அரை விரல்கடை யார் விரல்? தணிகாசலம் நாளை காலை போய்விடுவார். அவர் மூங்கில் நாற்காலியில் சாய்ந்து, "சாயந்தரம் வரைக்கும் கட்ட மாட்டேன், யோசிச்சு வாங்க" என்றார்.

பிற்பகல் ஒன்றேகால். இலை போட்டார்கள். சாப்பாட்டில் கன்னியப்பனின் மனசு இல்லை. கோயமுத்தூருக்குத் தந்தி கொடுக்கலாம் என்றேன். பதில் நாளைக்குத்தான் வரும். அதற்குள் ஆபீசர் இருக்க மாட்டார். மேலும் தந்தி மாமா வீட்டு விலாசத்துக்குத்தான் போக வேண்டும். நேற்றே மாப்பிள்ளை வீட்டார் எல்லாரும் அங்கே அந்த மாமா வீட்டில் கூடிவிட்டார்கள்.

"பேசாம பத்தாம் நம்பரே வாங்கி உள்ள பஞ்சு அடைச்சிடுங்க" என்றார் சரோஜா.

"தலகாணியா அது?" என்றார் கன்னியப்பன்.

"எட்டு."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த வசந்தா சொன்னாள். எங்கள் மூவரில் யாரையும் பார்க்காமல், ரசத்தைப் பார்த்துச் சொன்னாள். "எட்டாம் நம்பர்தான். வலது காலு மட்டும் இத்தினிக்கூண்டு பெருசு. அங்க போன மொத குளிர்ல வாங்கின பூட்ஸு வலது கட்டைவிரலைக் கடிச்சிடுச்சாம். ஒரு மாசம் நொண்டிக்கினு காலேஜு போனாராம்."

சரோஜா கையிலிருந்த அப்பளத்தை வைத்துவிட்டார். "உனக்கெப்பிடிடி தெரியும்?"

"லெட்டர்ல எழுதியிருந்தாரு."

"எந்த லெட்டர்ல?"

"சொசைட்டி அட்ரஸுக்கு வந்துச்சு." கரண்டி பாத்திரத்தில் இடித்தது. "ஒண்ணுதான் நைனா. ஒரே ஒரு லெட்டரு."

தாலி ஏறாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கடிதம் எழுதுவது அந்தத் தெருவில் சின்ன விஷயம் இல்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் தெரியாமல் அலுவலக விலாசத்துக்கு வருவது இன்னும் பெரிய விஷயம்.  அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம். வாங்கிக் கொடுத்த பூட்ஸ் பொருந்தாமல் அப்பா சபையில் தலைகுனிந்து நிற்பதை அவளால் பார்க்க முடியாது. அவ்வளவுதான்.

கன்னியப்பன் சோற்றில் குழி பறித்துக்கொண்டே இருந்தார். ரசம் குழியில் நின்று, கரையை உடைத்துக்கொண்டு இலையில் ஓடியது. அதை விரலால் மறித்துத் திருப்பினார்.

"ஒண்ணுதானே" என்றார். "இருக்கட்டும். மோரு எடுத்தா."

சரோஜா ஏதோ சொல்ல வாய் திறந்தார். "உனக்கு வேற சொல்லணுமா? மோரு புளிச்சிடப் போவுது" என்றார் கன்னியப்பன். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

வசந்தா உள்ளே போனபோது முந்தானையால் முகத்தைத் துடைத்ததை நான் பார்த்தேன். திரும்பி வந்து என் இலைக்கு மோர் ஊற்றும்போது, "வலது கட்டைவிரலுக்கு இன்னா சார் பண்றது?" என்று கேட்டாள். வலது ஷூவுக்குள் மரக்கட்டையை ஈரத்துணி சுற்றி இரண்டு நாள் வைத்தால் மூக்குப் பக்கம் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், லேஸையும் கடைசித் துளைவரை இழுக்காமல் விட வேண்டும் என்றேன். "தாய்மாமன்கிட்ட சொல்லிடறேன்" என்றாள், மிகவும் பொறுப்பாக.

மாலை நான்கு. மறுபடி செவிலிமேடு. ஆபீசர் ஒரு துணியை விரலில் சுற்றி, இரண்டு ஷூவுக்கும் வட்டம் வட்டமாகக் கடைசி மெழுகு பூசிக்கொண்டிருந்தார். பணத்தை எண்ணிப் பார்க்கவில்லை. மரக்கட்டைகளையும் சேர்த்துக் கொடுத்தார். "மாப்பிள்ளைகிட்ட சொல்லு, ரெண்டு நாள் தொடர்ந்தாப்ல போடக் கூடாது. ஒரு நாள் போட்டா ஒரு நாள் மூச்சு விடணும்" என்றார். கன்னியப்பன் அந்தப் பெட்டியை வேட்டி மடிப்பில் படாமல், முன்கைகளை நீட்டி ஏந்திக்கொண்டு வண்டியில் ஏறினார். வழி நெடுக மடியில் இறக்கவே இல்லை.

"ஒரு தடவை உங்க காலை விட்டுப் பாருங்களேன். உங்களுக்கும் எட்டுதான் வரும்" என்றேன்.

"மாப்பிள்ளை போடறதுக்கு முன்னாடி என் காலு படலாமா?" என்றார். பெருவிரல் தனியாக அகன்று நிற்கும், தறியின் மிதிகட்டையை மிதித்தே பழகிய கால்கள் அவருடையவை. அந்தக் கால்களை எந்தத் தோலும் இதுவரை மூடியதில்லை.

மாலை ஐந்தரை. பஸ் நிலையம். சென்னை பஸ் வர இன்னும் கால் மணி. என் கையில் திருப்பிக் கொண்டுபோக வேண்டிய பத்தாம் நம்பர். பெஞ்சில் உட்கார்ந்தோம். கடலைப் பொட்டலம் பத்துக் காசு. பட்டுப் பைகளோடு வெளியூர்க்காரர்கள் நிறைந்து நின்றார்கள்.

"பொண்ணு கெட்டிக்காரி. வேளைக்குச் சொன்னா" என்றேன். "கோபம் இல்லையே உங்களுக்கு? ஒரு லெட்டர்தானே."

கன்னியப்பன் கடலைத் தோலை ஊதினார். "பதினேழு சார்."

நான் அவரைப் பார்த்தேன்.

"இதுவரைக்கும் பதினேழு வந்திருக்குது. சொசைட்டியில இருக்கற எல்லாரும் எனக்குத் தெரிஞ்சவங்கதானே. மொத லெட்டரு வந்த அன்னிக்கே மேனேஜர் கூப்புட்டு, கன்னியப்பா, இன்னா பண்ணட்டும்னாரு. பொண்ணு பேர்ல வந்தா பொண்ணுகிட்டதானே குடுக்கணும், குடுத்துடுங்கன்னேன்."

"அப்படின்னா மாப்பிள்ளை கால் அளவை அவகிட்டயே கேட்டிருக்கலாமே. கோயில் வாசல்ல திருடன் பட்டம் வாங்கி, நூல் பிடிச்சு, நான் மவுண்ட் ரோட்டுலேர்ந்து பெட்டி தூக்கிட்டு..."

"கேட்டிருக்கலாம். அன்னிக்கே சொல்லியிருப்பா." பொட்டலத்தை மடித்தார். "ஆனா எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சிடுமே சார். அப்புறம் எழுதுவாளா? எழுதினாலும் அப்பா படிச்சா இன்னா நெனப்பாருன்னு யோசிச்சில்ல எழுதுவா. இன்னும் நாலு நாளு. அப்புறம் கோயமுத்தூரு. எழுதட்டும்னு வுட்டுட்டேன். இன்னிக்கும் ஒண்ணுன்னு சொன்னா. ஒண்ணுன்னே இருக்கட்டும்."

பஸ் வந்தது. அவர் ஜன்னலுக்குக் கீழே நின்று, பெட்டி பத்திரம் என்று கையால் காட்டினார். சுங்குவார்சத்திரம் வரும்வரை நான் எதையும் பார்க்கவில்லை. ஏரிகள் கடந்து போயின, சிவந்து.

மயிலாப்பூரில் என் வீட்டிலும் ஒரு மகள் இருக்கிறாள். கல்லூரியில் மூன்றாம் வருஷம். போன ஆவணியில் அவள் பெயருக்கு ஒரு நீல நிறக் கடிதம் வந்தது. முகவரியின் கையெழுத்து எனக்குப் பழக்கமில்லாதது. அதை நான் பிரித்தேன். அதில் ஒன்றும் இல்லை. பரீட்சை, மழை, படித்த புத்தகம் ஒன்று. ஒட்டி வைத்துவிட்டுக் கொடுத்தேன். ஒட்டியது தெரிந்தது. அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்குத் தபால்காரர் என் பெயருக்கு மட்டும்தான் கடிதம் கொண்டுவருகிறார்.